ஜாங்கில் இல்லாத மின்சாரம்: ஓர் இயற்பியலாளர் ஊர் திரும்பியபோது நடந்தது

பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில் ஜாங் என்று ஒரு சிறு ஊர். 1930களின் நடுவில் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் இயற்கையின் விசைகளைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஈர்ப்பு விசையைச் சொன்னார். அது எல்லோருக்கும் தெரிந்தது. காந்தத்தைச் சொன்னார், ஒரு துண்டைக் கையில் எடுத்தும் காட்டினார். மின்சாரம் என்று வந்தபோது, அது இந்த ஊரில் கிடையாது, மாகாணத் தலைநகரான லாகூரில் இருக்கிறது என்றார். அணுக்கரு விசை? அது ஐரோப்பாவில் மட்டும்தான் இருக்கிறது, நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன் அப்துஸ் சலாம். மின்காந்த விசையும் அணுக்கருவின் வலுவற்ற விசையும் ஒன்றின் இரு முகங்கள் என்று காட்டியதற்காக 1979ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பெர்க் இருவருடன் பகிர்ந்துகொண்டவர். ஆசிரியர் கதையை அவரே பிற்காலச் சொற்பொழிவுகளில் சொன்னதுண்டு. முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், ஆசிரியர் அப்படியொன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை என்று தோன்றியது. விசை எங்கும் இருக்கலாம். அதைப் பற்றி உட்கார்ந்து பேச நாலு பேர் இருக்கிற இடம் அன்றைக்கு உண்மையிலேயே ஐரோப்பாதான்.

வளரும் நாடுகளுக்கும் தொழில்வள நாடுகளுக்கும் நடுவே கல்வியிலும் அறிவியலிலும் இருக்கிற இடைவெளியைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, பணமில்லை. இரண்டு, படித்தவர்கள் இல்லை. சலாமின் கதையை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதில் இந்த இரண்டுமே பொருந்தாது என்பதுதான். உலகத்தின் மிகச் சிறந்த படிப்பு அவரிடம் இருந்தது. ஊரில் பேராசிரியர் வேலை இருந்தது, மாதாமாதம் சம்பளம் வந்தது. இருந்தும் மூன்றே ஆண்டுகளில் அவர் கிளம்பிப் போக வேண்டியிருந்தது. எது குறைந்தது?

ஏணி, ஒரே ஒருவருக்கு

முதலில் அவர் வெளியே போனது எப்படி என்று பார்க்க வேண்டும். 14 வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் மாகாணத்திலேயே அதிக மதிப்பெண். அங்கிருந்து லாகூர் அரசுக் கல்லூரி. 1946இல் கணிதத்தில் முதுகலை. அடுத்து என்ன? நியாயமாக ஐசிஎஸ் என்ற இந்திய ஆட்சிப் பணித் தேர்வெழுதி அதிகாரியாகப் போயிருக்க வேண்டியவர். போரினால் அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டிருந்தது.

அதே போர்தான் வேறு வழியில் கதவையும் திறந்தது. போருக்கென்று பஞ்சாபில் திரட்டிய நிதி, போர் முடிந்துவிட்டதால் செலவாகாமல் கிடந்தது. அதை எடுத்து, சிறு விவசாயிகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகையாக மாற்றினார்கள். ஐந்து பேருக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கடைசி நேரத்தில் ஓர் இடம் காலியாகவே, சலாம் அந்த ஆண்டே கப்பலேறிவிட்டார். மற்ற நால்வருக்கும் அடுத்த ஆண்டுதான் இடம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு 1947. நாடு பிரிந்தது, மாகாணம் பிரிந்தது, உதவித்தொகையும் காற்றோடு போனது.

அந்த நால்வர் யார், பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நோபல் விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சொல்லும்போது திறமை, உழைப்பு என்றெல்லாம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு கணிதத் திறமைக்கு ஏணி கிடைப்பது, செலவாகாத போர் நிதியையும் கடைசி நேரத்தில் காலியான ஓர் இடத்தையும் நம்பியிருந்தது என்றால், அதைக் கல்வி அமைப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. லாட்டரி என்றுதான் சொல்ல வருகிறது.

1946 அக்டோபர் குளிரில் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினார். சுமை தூக்க ஆள் கிடைக்கவில்லை. அங்கே தற்செயலாக வந்திருந்த ஸஃப்ருல்லா கான் (பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர்) பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்குத் தன் கனத்த கோட்டையும் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

கேம்பிரிட்ஜில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பு. பிறகு, ஒளிக்கும் எலக்ட்ரான்களுக்கும் உள்ள உறவைச் சொல்லும் குவாண்டம் மின்னியக்கவியலில் அப்போது பலரைத் தடுமாற வைத்த ஒரு சிக்கலை எடுத்துச் சில மாதங்களில் தீர்த்தார். 25 வயதுக்குள் பிரின்ஸ்டன் வரை பெயர் போய்விட்டது. 1951இல், ஊருக்கே திரும்பி ஓர் ஆராய்ச்சிக் குழுவை உருவாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு லாகூருக்கு வந்தார். அரசுக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர்.

கால்பந்துக் குழு

வந்தவரிடம் நிர்வாகம் சொன்னது, ஆராய்ச்சியையெல்லாம் மறந்துவிடுங்கள் என்றுதான். பாடம் நடத்துவதோடு கூடுதலாக ஒரு பொறுப்பும் ஏற்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்: விடுதிக் காப்பாளர், கல்லூரியின் கணக்கு வழக்கு, அல்லது கால்பந்துக் குழுவின் தலைவர். சலாம் கால்பந்தை எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கல்லூரி நிர்வாகத்தைக் கேலி செய்வது சுலபம். அவர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அந்தக் கல்லூரி இருந்தது பட்டதாரிகளை உருவாக்கி அரசு வேலைக்கு அனுப்பத்தான். ஆசிரியரை அளந்த கோல், எத்தனை மாணவர் தேறினார்கள், விடுதி ஒழுங்காக நடக்கிறதா, விளையாட்டில் கோப்பை வந்ததா என்பது. ஆராய்ச்சி என்ற வேலைக்கு அந்தக் கணக்கேட்டில் பத்தியே கிடையாது. கெட்ட எண்ணத்தால் யாரும் தடுக்கவில்லை; அப்படி ஒரு வேலை இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் ஆளை மாற்றிச் சரி செய்திருக்கலாம்.

இதன் கூடவே சின்னச் சின்னக் குறைகள். புதிய ஆய்விதழ்கள் நூலகத்தில் இல்லை. முதுகலைக்கு மேல் ஆராய்ச்சி செய்யும் வழக்கமே இல்லை. மாநாட்டுக்குப் போகப் பணம் இல்லை. அவருடைய துறையில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டுமென்றால், மிக அருகில் இருந்தது பம்பாய். அதுவும் இப்போது வேறு நாடு.

பம்பாயில் ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. ஒரு முறை வொல்ஃப்காங் பவுலி அங்கே வந்தார். குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவர், அடுத்தவரின் தவறைத் தயவு தாட்சண்யமில்லாமல் சொல்வதற்குப் பேர்போனவர். சலாமுக்கும் அழைப்பு போனது. அவர் ஓடினார். சில நாள் இயற்பியல் பேசினார். திரும்பி வந்தால், அனுமதியின்றி வேலைக்கு வராமல் போனதற்கு விளக்கம் கேட்டார்கள். கடைசியில் சம்பளமில்லா விடுப்பாகக் கணக்குத் தீர்த்தார்கள்.

ஒரு கோட்பாட்டு இயற்பியலாளருக்கு என்ன வேண்டும்? காகிதம், பேனா, கரும்பலகை. ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம். அப்படியானால் லாகூரில் உட்கார்ந்துகொண்டே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு கட்டுரை எழுதி முடித்து, ஆய்விதழ் ஏற்று, அச்சில் வரப் பல மாதங்கள். அச்சான இதழ் கப்பலில் ஏறிக் கீழை நாட்டு நூலகத்துக்கு வந்து சேர மேலும் வாரக்கணக்கில் ஆகும், அதுவும் நூலகம் சந்தா கட்டியிருந்தால். துறையின் நடுவில் இருப்பவர்கள் அச்சுக்காகக் காத்திருப்பதில்லை. கையெழுத்துப் படியின் நகலைத் தபாலில் பத்திருபது பேருக்கு அனுப்புவார்கள், வாராந்திரக் கூட்டத்தில் பேசுவார்கள், மதிய உணவின்போது வாதாடுவார்கள். எந்த வழி முட்டுச்சந்து என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும், அச்சில் வராது. தோற்றுப்போன முயற்சியை யார் கட்டுரையாக எழுதுகிறார்கள்? லாகூரில் இருப்பவர் முட்டுச்சந்து என்று தெரியாமல் ஆறு மாதம் அதில் நடப்பார். அல்லது சரியான வழியில் நடந்து, கடைசியில் வேறொருவர் ஓராண்டுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கப்பலில் வந்த இதழில் படிப்பார்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் சலாமின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1956 செப்டம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மாநாட்டில் சென் நிங் யாங் பேசியதைக் கேட்டார். இடது வலது ஒப்புமையை இயற்கை எல்லா இடத்திலும் மதிக்கிறதா என்ற சந்தேகம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. லண்டன் திரும்பும் இரவு விமானத்தில் தூக்கம் வரவில்லை. நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு (அன்று நம்பியபடி) நிறை ஏன் இல்லை என்ற பழைய கேள்வியையும் யாங் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க, ஒரு விடை கிடைத்தது, 1957இல் கட்டுரையானது. அதே மனிதர், அதே மூளை. லாகூரில் இருந்திருந்தால் அந்தப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்.

1954 ஜனவரியில் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே விரிவுரையாளராகப் போனார். நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1953இல் லாகூரில், தங்களை முஸ்லிம்களாகக் கருதும் சிறுபான்மைப் பிரிவினரான அகமதியாக்களுக்கு எதிராகப் பெரும் கலவரம் நடந்தது, ராணுவச் சட்டம் வந்தது. சலாம் அகமதியா. ஆகவே அவர் வெளியேறியதற்கு அறிவியல் தனிமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் தனிமைதான்: ஒன்று இயற்பியல், இல்லையென்றால் நாடு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இன்னொருவருக்கு வரக் கூடாது என்பார்.

மாட்டுவண்டி போதுமே

1960இல் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் பொது மாநாட்டில் பாகிஸ்தானின் பிரதிநிதியாக எழுந்து, கோட்பாட்டு இயற்பியலுக்கு ஒரு சர்வதேச மையம் வேண்டும் என்றார். வளரும் நாடுகள் ஆதரித்தன. பணக்கார நாடுகள் பலவற்றுக்கு உற்சாகம் இல்லை. கோட்பாட்டு இயற்பியல் என்பது அறிவியலில் ரோல்ஸ்ராய்ஸ் கார் மாதிரி, வளரும் நாடுகளுக்கு மாட்டுவண்டி போதும் என்று ஒரு பிரதிநிதி பேசினாராம். சலாம் அதை மறக்கவே இல்லை.

அந்தப் பிரதிநிதியின் வாதத்தை அப்படியே ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நியூட்ரினோ எதற்கு என்ற கேள்வி நேர்மையாகவும் கேட்கப்படலாம். ஆனால் கோட்பாட்டு இயற்பியல்தான் எல்லாவற்றிலும் மலிவு. அணுத் துகள்களை அதிவேகத்தில் ஓட்டும் துகள் முடுக்கியைக் கட்டக் கோடிக்கணக்கில் வேண்டும். இதற்கு ஒரு கரும்பலகையும் விமான டிக்கெட்டும் போதும். மாட்டுவண்டியின் விலைக்குக் கிடைக்கிற ரோல்ஸ்ராய்ஸ் அது. தவிர, கணிதமும் இயற்பியலும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் கல்லூரியில் இல்லாவிட்டால், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் பொறியாளர் எங்கிருந்து வருவார்?

சில ஆண்டு இழுபறிக்குப் பிறகு முகமை ஒதுக்கிய தொகை 55,000 டாலர். ஒரு சர்வதேச மையத்துக்கு அது டீச்செலவுக்குத்தான் காணும். இத்தாலி அதைப் போல ஐந்தாறு மடங்கு தருவதாக முன்வந்தது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. யூகோஸ்லாவிய எல்லையில் இருந்த ட்ரியஸ்தே நகரம் போருக்குப் பிறகு யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் சிக்கி, 1954இல்தான் இத்தாலியோடு மறுபடி சேர்ந்தது. களையிழந்து கிடந்த அந்த நகரத்துக்கு உயிர் கொடுக்க ஏதாவது தேவைப்பட்டது. உள்ளூர் இயற்பியலாளர் பாவ்லோ புதினிச் விடாப்பிடியாக நின்றார். 1964 அக்டோபரில் நகர நடுவில் ஒரு கட்டிடத்தில் மையம் தொடங்கியது. 1968இல் கடலோரம் மிராமாரேக்கு மாறியது. 1970இல் யுனெஸ்கோவும் பங்காளியானது. பனிப்போரின் நடுவில் அமெரிக்க, சோவியத் பிளாஸ்மா இயற்பியலாளர்கள் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தது ஆரம்ப ஆண்டுகளில் அங்கேதான்.

மையத்தின் உண்மையான கண்டுபிடிப்பு கட்டிடமோ மாநாடுகளோ இல்லை. அசோசியேட் என்ற ஏற்பாடு. வளரும் நாட்டில் வாழ்ந்து, அங்கேயே வேலை பார்க்கும் ஓர் ஆராய்ச்சியாளர் தேர்வானால், சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை, தனக்கு வசதியான நேரத்தில் ட்ரியஸ்தேவுக்கு வந்து தங்கலாம். வழிச்செலவும் தங்கும் செலவும் மையத்துடையது. வந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உத்தரவு போட மாட்டார்கள். நூலகத்தில் உட்காரலாம், காபி குடித்துக்கொண்டு வாதாடலாம், பழைய கூட்டாளியோடு பாதியில் நின்ற கணக்கை முடிக்கலாம்.

நிபந்தனையைத் திரும்பப் பாருங்கள்: சொந்த நாட்டில் வேலையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் குடியேறியவருக்கு இது கிடையாது. வழக்கமான உதவித்தொகை ஆளை ஊரிலிருந்து பிடுங்கி எடுக்கிறது. இது ஊரில் இருப்பதற்குக் கொடுக்கும் கூலி மாதிரி. விடுமுறைக்கு மூன்று மாதம் துறையின் நடுவில் மூச்சு விட்டுவிட்டு வந்தால், மீதி ஒன்பது மாதம் கால்பந்துக் குழுவையும் சமாளித்துவிடலாம் என்பது கணக்கு. லாகூரில் தனக்கு எது குறைந்தது என்று தெரிந்தவர் மட்டுமே இப்படி ஒன்றை வடிவமைக்க முடியும்.

வேலை செய்தது எது, செய்யாதது எது

தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான வருகைகளை அந்த மையம் பார்த்திருக்கிறது. லாகூரில் சலாமிடம் படித்த ரியாஸுதீன் வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்து, நாடு திரும்பி, இஸ்லாமாபாத்தில் புதிய பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். 1976இல் நாத்தியாகலி மலை வாசஸ்தலத்தில் சலாமின் யோசனைப்படி ஆண்டுதோறும் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. உலகத்தின் பெரிய பெயர்கள் இந்த முறை அங்கே வந்து பாடம் எடுத்தன.

ஆனால் மருந்து ஆட்களைக் காப்பாற்றியது, கல்லூரியை மாற்றவில்லை. ட்ரியஸ்தேயிலிருந்து திரும்பும் அசோசியேட் அதே கணக்கேட்டுக்குத்தான் திரும்புகிறார். அவர் ஓய்வு பெற்றால் அந்தத் துறையில் அவரோடு எல்லாம் முடிந்துபோவது நடக்கிறது. 1961 முதல் 1974 வரை சலாம் பாகிஸ்தான் அதிபரின் தலைமை அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். அதிகாரத்தின் காது அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அணுசக்தி ஆய்வு நிறுவனம் வந்தது, விண்வெளி அமைப்பு வந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போனார்கள். பல்கலைக்கழகங்கள் மட்டும் பழையபடியே இருந்தன. 1974இல் நாடாளுமன்றம் அகமதியாக்களை முஸ்லிம்கள் இல்லை என்று அறிவித்ததும் அவர் பதவியை விட்டார். பாகிஸ்தான் குடியுரிமையைக் கடைசி வரை விடவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கத் தென்கொரியாவை எடுத்துக்கொள்ளலாம். 1960களில் அதுவும் ஏழை நாடுதான், அங்கிருந்தும் படித்தவர்கள் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தார்கள். 1966இல் அமெரிக்க உதவியோடு கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சோய் ஹியுங் சப் வெளிநாட்டில் இருந்த கொரிய விஞ்ஞானிகளைத் தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்தார். வந்தவர்களுக்கு உள்ளூர்ப் பேராசிரியர்களை விடப் பல மடங்கு சம்பளம், குடும்பத்தோடு இருக்க வீடு. மற்றவர்கள் வயிறெரிந்தது உண்மை. அதைவிட முக்கியம், அந்த நிறுவனத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு அன்றாட அரசாங்கத் தலையீட்டிலிருந்து விலக்கி வைத்தார்கள். தொழிற்சாலைகள் காசு கொடுத்துக் கேட்கிற ஆராய்ச்சியைச் செய்ய வைத்தார்கள். 1971இல் அறிவியலுக்கென்று தனி உயர்கல்வி நிறுவனம் வந்தது. அதில் படிப்பவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையில் சலுகை கொடுத்தார்கள். ஓர் இருபது வயதுக்காரனுக்கு அதைவிடப் பெரிய உதவித்தொகை எது?

சலாம் ஆளுக்கு மூச்சு கொடுத்தார். கொரியா கணக்கேட்டில் புதிய பத்தியைச் சேர்த்தது. இன்று தென்கொரியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதம். இந்தியாவில் அது 1 சதவீதத்தைத் தொடவில்லை. பாகிஸ்தானில் அண்மை ஆண்டுகளில் கால் சதவீதம் கூட இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் 1980இல் லாகோஸில் கூடி 1 சதவீதம் என்று இலக்கு வைத்தன. பெரும்பாலான நாடுகளுக்கு அது இன்னும் இலக்காகவே இருக்கிறது. கொரிய வழியை அப்படியே எடுத்து வைத்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. அது ராணுவ ஆட்சியில், வியட்நாம் போருக்குப் படை அனுப்பியதோடு பின்னிய அமெரிக்க உதவியில் நடந்தது. அந்த விலையை எல்லோரும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

சுவர் இடம் மாறியது

1991இல் மையம் டிப்ளமா என்று ஓராண்டுப் படிப்பைத் தொடங்கியது. வளரும் நாடுகளில் பட்டம் பெற்ற இளைஞர்கள், நல்ல பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் முன் இட்டு நிரப்ப வேண்டியதை நிரப்புவது அதன் வேலை. இதில் ஒரு ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. முதுகலை இயற்பியல் என்ற பட்டம் எல்லா நாட்டிலும் ஒரே பெயரில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. குவாண்டம் இயக்கவியலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவரும், வாரம் ஒரு கணக்குத்தாளோடு மல்லுக்கட்டியவரும் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் ஒரே மாதிரி இருக்கும். பேராசிரியர்களோடு பழக ஆரம்பித்த ட்ரியஸ்தே மையம், இருபத்தேழு ஆண்டு கழித்து மாணவர்களிடம் இறங்கி வர வேண்டியிருந்தது.

இன்னும் இறங்கினால் பள்ளிக்கூடம். உலக வங்கியின் 2019 கணக்குப்படி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் 53 சதவீதம் பேருக்கு ஒரு எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022இல், அந்த மதிப்பீடு 70 சதவீதமானது. இவர்களில் பெரும்பாலானவர்கள் பள்ளியில் சேர்ந்தவர்கள்தான், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. இவ்வளவு பேர் முதல் படியிலேயே நின்றுவிட்டால், மேலே எத்தனை அசோசியேட் இடம் வைத்தும் அதற்கு வருபவர்கள் தப்பிப் பிழைத்தவர்களாக மட்டுமே இருப்பார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் மாதிரி.

ஆய்விதழ்களைக் கைக்கு எட்டவிடாமல் நின்ற சுவர் என்ன ஆனது? அதில் நிஜமாகவே ஓட்டை விழுந்தது. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய மின்னணுக் களஞ்சியம், இன்று ஆர்க்கைவ் என்று எல்லோருக்கும் தெரிந்தது, கையெழுத்துப் படிகளை அன்றன்றைக்கே உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்க வைத்தது. சலாமுக்குக் கப்பலில் வந்த விஷயம், அடுத்த தலைமுறைக்குக் காலையில் கணினியில் வந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் ஹினாரி திட்டத்தின் மூலம் ஏழை நாடுகளின் மருத்துவ நூலகங்களுக்கு இதழ்களைத் திறந்துவிட்டது. ட்ரியஸ்தே மையம் ஒரு படி கீழே இறங்கி யோசித்தது: இணையம் மிக மெதுவாக இருக்கும் ஊர்களுக்கு, கேட்ட கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பும் சேவையை ஆரம்பித்தது. பக்கம் திறக்கவே அரை மணி ஆகும் இடத்தில் மின்னஞ்சல் எப்படியும் வந்து சேரும் என்று தெரிந்தவர்களின் வேலை அது.

அப்புறம் சுவர் இடம் மாறியது. படிப்பதற்கு வாங்கிய காசை இப்போது எழுதுபவரிடம் வாங்குகிறார்கள். நேச்சர் இதழில் எல்லோரும் படிக்கும்படி ஒரு கட்டுரையை வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தார்கள். மிக ஏழை நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. நடுவில் இருக்கும் நாடுகள் மாட்டிக்கொள்கின்றன: தள்ளுபடிப் பட்டியலில் இடம் இல்லை, கட்டுவதற்கு நல்கையும் இல்லை. முன்பு அடுத்தவர் சொன்னது இங்கே கேட்கவில்லை. இப்போது இங்கே சொல்வது அங்கே கேட்கக் கட்டணம். பணம் கிடைத்து, அழைப்பும் வந்து, மாநாடு முடிந்த மறுநாள் விசா வந்த கதையைச் சொல்லாத ஆராய்ச்சியாளர் வளரும் நாடுகளில் குறைவு. 2018இல் மையம் ருவாண்டாவின் கிகாலியில் கிளை திறந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்க மாணவருக்கு அங்கே போக ஐரோப்பிய விசா தேவையில்லை என்பது சிறிய விஷயம் இல்லை.

மின் கட்டணம்

ட்ரியஸ்தே கோட்பாட்டை எடுத்துக்கொண்டது, மலிவாக இருந்ததால். பரிசோதனை அறிவியலுக்கு இந்த மருந்து முழுதாகப் பிடிக்காது. மூன்று மாதம் நல்ல ஆய்வகத்தில் அளந்துவிட்டு ஊர் திரும்பினால், மீதி ஒன்பது மாதம் அளக்க என்ன இருக்கிறது? சலாம் இதை அறிந்திருந்தார். மத்திய கிழக்கில் ஓர் ஒளிமூல ஆய்வகம் (முடுக்கியில் ஓடும் எலக்ட்ரான்கள் உமிழும் பிரகாசமான ஒளியால் பொருள்களை ஆராயும் இடம்) வேண்டும் என்று 1980களிலேயே சொன்னார். அவர் 1996இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு மையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஆய்வகம் வந்தது 2017இல், ஜோர்டானில். செஸாமி என்று பெயர். ஈரான், இஸ்ரேல், பாலஸ்தீனம், பாகிஸ்தான், துருக்கி, எகிப்து எல்லாம் ஒரே உறுப்பினர் பட்டியலில் இருக்கிற அபூர்வமான இடம். பெர்லினில் வேலை முடிந்து பிரிக்கப்பட்ட ஒரு பழைய முடுக்கியை ஜெர்மனி கொடுத்ததில் கதை தொடங்கியது. அந்தப் பாகங்களில் சில இன்றும் எலக்ட்ரான்களுக்கு முதல் வேகத்தைக் கொடுக்கின்றன; முக்கிய வளையம் புதிதாகக் கட்டியது.

கட்டி முடித்த பிறகு நிர்வாகத்தைத் தூங்கவிடாமல் செய்தது எலக்ட்ரான் கற்றை இல்லை, மின் கட்டணம். ஜோர்டானில் மின்சாரம் விலை அதிகம், முடுக்கியோ யானைப் பசிக்காரன். ஆண்டு நிதியில் பெரும் பகுதியை அது விழுங்கிவிடும் போலிருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ஜோர்டான் அரசு உதவி செய்ய, பாலைவன வெயிலில் ஒரு சூரிய மின் நிலையம் அமைத்து 2019 பிப்ரவரியில் இயக்கினார்கள். முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடும் முதல் பெரிய முடுக்கி வளாகம் அதுதான். அங்கே அளவெடுக்க நேரம் கேட்டு முதல் அழைப்பிலேயே வந்த விண்ணப்பங்கள், கொடுக்க இருந்த நேரத்தை விட அதிகம்.